மேல் ஓட்டையை ஏன் மூடினாய்?

விரல் இடுக்கில் கரிப்புகை வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம் தோலைத் தேய்த்தேன், ஊஹூம். உன் உருண்டை அடுப்பை இன்றைக்கு மறுபடி பற்றவைத்தோம். நீ போன பிறகு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மாவே கிடந்தது. கடல் காற்று அதைச் சும்மா விடுமா? மூடியின் உச்சியில் இருக்கிற அந்தத் தகடு துரு ஏறி, மூடினது மூடினபடியே இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சப்பாத்திக் கட்டையால் தட்டித் தட்டி, ஒருவழியாகத் திருப்பினேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் திருப்பினேன். கடைசியாக அதை மூடினவள் நீதானே.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இன்று சாயங்காலம்தான் முளைத்த கேள்வி. அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீ இருந்தால் நடுவில் நடுவில் புகுந்து, அது இன்னாத்துக்கு, இது இன்னாத்துக்கு என்று கேட்டுக் கதையைக் கெடுத்துவிடுவாய். இப்போது முடியாதில்லையா. நன்றாக வேண்டும் உனக்கு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நீ லாரி நிறுக்கிற எடை மேடையில் வேலைக்கு உட்கார்ந்திருந்தாய். எதிரே, தகடு விற்கிற கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒன்றாகக் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள், கல்யாணம் ஆகித் திருவொற்றியூரில் ஒரே கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். விட்டாலும் விலகாத சனியன் என்று என்னை நீ சொல்வாய், நான் உன்னைச் சொல்வேன். லாரி மேடையில் ஏறும்போதே அதன் டயர் எவ்வளவு நசுங்குகிறது என்று குனிந்து பார்த்து, எடையை வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வாய். திரையில் எண் விழுந்ததும், சரியாக இருந்தால் என் கடைப் பக்கம் பார்த்துச் சிரிப்பாய். தப்பாக இருந்தால் டிரைவரைப் பிடித்துக்கொண்டு, இன்னாபா உள்ள போட்டு வெச்சிருக்க, ஏன் இவ்ளோ கனம் என்று குடைவாய். பாதிக்குமேல் தப்பாகத்தான் போகும். அதற்காக நீ ஒருநாளும் விட்டதில்லை. மெஷின் சொல்லப் போவதை நீ ஏன் முன்னாடியே சொல்லிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், மெஷின் சொன்னப்புறம் சொல்றதுல இன்னா கீது என்பாய்.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அதைக் கரைக்கக் கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷன். தினமும் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவந்தாள் உன் மகள் கலை. அப்போதும் நீ அந்த மெஷினைப் பற்றித்தான் வந்து சொல்வாய்: சத்தமே போடவில்லை, சூடும் இல்லை, பின்னே உள்ளே எப்படித்தான் சுடுகிறது. கட்டி கரைந்தது. கூடவே ருசியும் போனது. சோறு மண், குழம்பு வெந்நீர் என்றாய். வாயில் எச்சில் சுரக்காது. மிளகாய் மட்டும் எரியும், ஆனால் அது ருசி இல்லடி, வலி என்றாய். டாக்டர் பொய் சொல்லவில்லை. ருசி மெதுவாகத் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம், அதுவரைக்கும் எப்படியாவது சாப்பிட்டாக வேண்டும், இப்படியே எடை இறங்கிக்கொண்டு போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி விடுவோம் என்று சொல்லி அனுப்பினார்.

குழாய் என்ற சொல்லுக்கு நீ பயந்தாய். உன்னை நான் பயந்து பார்த்தது அப்போதுதான். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கலை ஊட்டிவிட்டால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவாய். அரை நாள் வேலைக்கு வரத் தொடங்கினபோது எடை மேடையில் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். லாரி நிறுக்கிற மேடையில் நீ நின்றால் எண் எங்கே அசையும்? 'பாத்தியாடி, நான் இங்க இல்லவே இல்ல' என்றாய். நான் சிரித்துவிட்டுக் கடைக்குள் போய், கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதேன்.

அடுப்பு வந்தது அந்த நாட்களில்தான். ஏதோ கப்பலிலிருந்து கழித்துக்கட்டின பழைய சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எடைக்கு வந்தது. குவியலின் மேலே கறுப்பாக, உருண்டையாக, மூன்று காலோடு ஒரு பொருள். வழக்கப்படி அது இன்னா என்று டிரைவரைக் கேட்டாய். உண்டியல் கணக்காகக் கீது என்றான். நீ கீழே குனிந்து பார்த்துவிட்டு, உண்டியலுக்குக் கீழேயும் எதற்கு ஓட்டை, போட்டதெல்லாம் வுயுந்துடாதா என்றாய். உன் பேஜாரு தாங்காமல் அதை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு கால் ஒடிந்திருந்தது. செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தோம்.

வெளிநாட்டில் கரி போட்டு மூடிவைத்து மீனும் கறியும் சுடுகிற அடுப்பு என்று கலை செல்போனில் பார்த்துச் சொன்னாள். எப்படிச் சுடுவது என்றும் போட்டிருந்தது. நீ அதைப் பார்க்கவிடவில்லை, நினைவிருக்கிறதா? அதையும் பார்த்துவிட்டால் அப்பால நமக்கு இங்கு இன்னா வேலை என்று செல்போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாய். எனக்கு எரிச்சல். ஆனால் ஒரு விஷயத்தில் உனக்கு ஆசை வந்துவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டேன். அடுப்புக்கு அடியில் வாய் இருப்பது நமக்குத் தெரியும். தலையிலும் எதற்கு ஒரு வாய், அதையும் மூடித் திறக்க எதற்கு ஒரு தகடு? சோறு இறங்காதவளுக்கு இந்தக் கேள்வி மட்டும் நன்றாக இறங்கியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிவந்தேன். மிளகாய் கூடாது என்பதால் உப்பு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, துளி மிளகு. கரியைப் பற்றவைத்தோம், கம்பி வலையில் மீனை அடுக்கினோம், வாசனைக்கு இருக்கட்டும் என்று நீ கொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டாய், மூடியைக் கவிழ்த்தோம். உச்சி ஓட்டையிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபு என்று கிளம்பியது. கொடியில் பார்த்தால் கீழ்வீட்டு நர்ஸம்மாவின் வெள்ளைப் புடவைகள் வரிசையாகக் காய்கின்றன. நம் பக்கத்து ஆட்களுக்குப் புகை என்று பார்த்தால் கை தானாக எதையாவது மூடும். பேக்டரிப் பக்கமிருந்து வாடை வந்தால் ஜன்னலை மூடுவோம், லாரி வரிசை கட்டினால் கதவை மூடுவோம், சாம்பல் பறந்தால் தண்ணீர்க் குடத்தை மூடுவோம். பிறந்ததிலிருந்து மூடிப் பழகின கை. நீ எட்டி உச்சித் தகட்டைத் திருப்பிச் சாத்திவிட்டாய். புகை நின்றது. புடவை பிழைத்தது. நானும் சமத்து என்று உன்னை மெச்சினேன்.

மூடியைத் திறந்தபோது மீன் செருப்புத்தோல் நிறத்தில் இருந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். கசப்பு என்றால் கசப்பு, புகைபோக்கியை நக்கின மாதிரி. துப்பினேன். கலை குழாயடிக்கு ஓடினாள். நீ மட்டும் மென்றுகொண்டிருந்தாய். உனக்கென்ன, எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தேன். நீ மெல்லுவதை நிறுத்தினாய். கண்ணை அகலமாக விரித்து என்னைப் பார்த்தாய்.

'கசக்குதுடி' என்றாய். 'எனக்குக் கசக்குதுடி.'

ஐயோ, அந்த முகம். இன்னொரு விள்ளல் எடுத்தாய், இன்னொன்று எடுத்தாய், முள்ளை மட்டும் விட்டு முழு மீனையும் தின்று தீர்த்தாய். நானும் கலையும் பக்கத்தில் நின்றுகொண்டு, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். ஒரு முழு மீன். எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் வயிற்றில் போன முதல் முழு உணவு.

அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கசப்பு வந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது, இனி உப்பும் புளிப்பும் பின்னாலேயே வரும். அவை வருவதற்கு நல்ல மீன் வேண்டும், நல்ல மீனுக்கு நல்ல புகை வேண்டும், கசக்காத புகை வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு, ஞாயிறு வந்தால் மாடியே கதி என்று கிடந்தேன். உனக்கும் அதே பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

ஓட்டையின் ரகசியத்தைப் பிடித்தவள் நீ. உன் வீட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை உருவி எடுத்துவந்து, அடுப்பின் அடி ஓட்டைக்குப் பக்கத்தில் காட்டினாய். மேல் தகடு திறந்திருந்தபோது ஊதுபத்திப் புகை வளைந்து, சர்ரென்று அடி ஓட்டைக்குள் நுழைந்தது. மேலே மூடச் சொன்னாய். மூடினேன். புகை உள்ளே போகாமல் தயங்கி, நேராக மேலே எழும்பியது. திற என்றாய், மறுபடி உள்ளே போனது. திறந்து மூடி, திறந்து மூடி, ஊதுபத்தி தீர்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தாய். மேலே தொறந்தாத்தான் கீழே இயுக்குது, மேலே மூடினா கீழே இருக்கிறது வெறும் ஓட்ட என்று தீர்ப்புச் சொன்னாய். கூடவே, போன வாரம் நாம் புகையை வெளியே விடாமல் உள்ளேயே வைத்து மீனுக்குப் பூசியிருக்கிறோம் என்பதும் விளங்கியது. நர்ஸம்மா புடவைக்குப் போக வேண்டிய கரியெல்லாம் மீனுக்குப் போயிருக்கிறது.

அதன்பிறகு மேல் தகட்டை முழுக்கத் திறந்தே வைப்பது என்றும், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அடி ஓட்டையில் இருக்கிற தகட்டை மட்டும் தொடுவது என்றும் நான் சட்டம் போட்டேன். அடியில் காற்று அதிகம் போனால் கரி சிவக்கும், குறைத்தால் அடங்கும். ஆனால் கேஸ் அடுப்பு மாதிரி உடனே கேட்காது. தகட்டைத் திருப்பிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான், நாம் சொன்னதை அது காதில் வாங்கியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் நான் மேலும் மேலும் திருகி, கரியை அனலாக்கிவிட்டு, பிறகு அதை அடக்க முடியாமல் திண்டாடுவேன். ஏறின சூட்டை இறக்குவது பெரும்பாடு. ஏறும்போதே பாதி வழியில் தகட்டைச் சுருக்கிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எத்தனை மீனைக் கருக்கினேன்!

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிட்டால் வேறு கூத்து. அடித் தகட்டை முக்கால்வாசி மூடி வைத்திருந்தும் கரி தகதகவென்று எரியும். ஏன் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். நீ தரையில் படுத்து, கன்னத்தை அடுப்பின் காலடியில் வைத்துப் பார்த்துவிட்டு, காற்று நேராக ஓட்டைக்குள்ளேயே அடிக்கிறது என்றாய். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தினோம், அடங்கியது. இன்னொரு வாரம் எல்லாம் திறந்திருந்தும் அடுப்பு அணைந்து அணைந்து போனது. பார்த்தால் அடி ஓட்டையைச் சாம்பல் அடைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு சாம்பலை மறந்தோம் பார் என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

வெந்துவிட்டதா என்று நீ மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாய். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் காற்று புகுந்து கரி குப்பென்று சிவக்கும். நான் கத்துவேன். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி மீனை மறுபக்கம் வைத்து, மூடியைத் திருப்பி உச்சி ஓட்டை மீனுக்கு மேலே வருகிற மாதிரி போட்டால், அனலும் புகையும் மீனைத் தடவிக்கொண்டு வெளியேறும் என்பது உன் யோசனை. கரி வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகுதான் மூட வேண்டும் என்பது என்னுடையது. அப்போது வருகிற புகை லேசாக, நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி வரும். அதுதான் கசக்காத புகை.

இதற்கு நடுவில்தான் உன் ருசி ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நீ சொன்னாய். ஒரு ஞாயிறு, முதல் விள்ளலை வாயில் போட்டு நான் விழுங்குவதற்குள், உப்பு கம்மி என்றாய். உண்மையிலேயே கம்மி. அன்றைக்கு உப்பை மறந்து பாதிதான் போட்டிருந்தேன். தெரு முனைக்கு ஓடி ஜாங்கிரி வாங்கிவந்து கலை வாயில் திணித்தேன். அவள் அதை மென்றுகொண்டு, சிரிக்காமல், உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திகைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு வாரம் எலுமிச்சை தூக்கல் என்றாய், அதுவும் சரி. இன்னொரு வாரம், மீன் நேற்றுப் பிடித்ததா என்றாய். ஐஸ் மீன்தான் அது, மாட்டிக்கொண்டேன். நீ சொல்லச் சொல்ல நான் இன்னும் ஊக்கமாக அடித் தகட்டைத் திருகினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை, வார நாளிலும் என் வீட்டுக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாய். எடை இறங்குவது நின்றது. குழாய்ப் பேச்சை டாக்டரே மறந்துபோனார்.

ஒன்றில் மட்டும்தான் நமக்குள் ஓயாத சண்டை. மேல் தகடு. எத்தனை சொன்னாலும் கடைசி நேரத்தில் உன் கை அங்கே போகும். கையை வெச்சுக்கினு சும்மா கெட என்று அதட்டுவேன். இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்னுதான் என்று இழுப்பாய். ஆவுறதுதான் முதல் வாரமே ஆயிடுச்சே, இன்னும் என்ன பார்க்கக் கீது என்று நான் அந்தப் பக்கமே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். நீ என்னைக் கீழே அனுப்புவாய்: எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு வா, தண்ணி எடுத்துக்கினு வா. நான் ஏறி வருவதற்குள் தகடு மூடியிருக்கும், மீனின் முதுகு கறுத்திருக்கும். நான் திட்டித் தீர்த்துவிட்டுத் திறப்பேன். அந்தக் கறுத்த துண்டைச் சுரண்டிக் குப்பையில் போடப் போனால், தீஞ்சதுன்னு போட்டுடுவியா, கொண்டா இங்க என்று உன் தட்டில் வாங்கிக்கொள்வாய். எங்களுக்கு நல்ல துண்டாகப் போகட்டும் என்று நீ விட்டுக்கொடுப்பதாக நினைத்தேன். சிக்கனக்காரி என்று கேலி வேறு.

பிறகு அந்த ஞாயிறு. நர்ஸம்மா புடவை எடுக்க மாடிக்கு வந்தவள், இன்னைக்கு அடுப்பு பத்த வெக்கலியா என்று கேட்டாள். அடுப்பு எரிந்து அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு மெடல் குத்தின மாதிரி. அவளையும் உட்காரவைத்துத் தட்டில் மீனை வைத்தோம். மீன் பூவாக உதிர்ந்தது, தோல் மொறுமொறுவென்று இருந்தது, கசப்பின் வாடைகூட இல்லை. நான் வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், உன் தட்டைத் தொடாமல். பிறகு மெதுவாக ஒரு விள்ளல் எடுத்துப் போட்டுக்கொண்டு, 'இன்னிக்கு எல்லாமே சரியா கீதுடி' என்றாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு சொல்லில் வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் அந்தக் கட்டி நுரையீரலுக்கு வந்துவிட்டது என்றார்கள். அதைப் பற்றி நான் நிறையச் சொல்லப் போவதில்லை. கடைசியாக நீ மாடிக்கு வந்த அன்று இரண்டு விள்ளல்தான் சாப்பிட்டாய். எல்லோரும் எழுந்த பிறகு, மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகட்டும் என்று கீழ்த் தகட்டையும் மூடி மேல் தகட்டையும் மூடிவிட்டு, கலையின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாய். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியைப் போட்டுவிட்ட நர்ஸ் பெண்ணைப் பிடித்து, காத்து வர்றதுக்குக் குழாய் கீது, அப்புறம் பக்கத்துல இந்த ஓட்ட இன்னாத்துக்கு என்று கேட்டாயாம். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட கேள்வி அது. கலை இதைச் சொல்லிச் சொல்லி அழுவாள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இன்றைக்குக் கலை வந்தாள். அம்மாவோட அடுப்பைப் பத்த வெக்கலாம் அத்தே என்று அவள்தான் கேட்டாள். சங்கரா மீன்தான். துரு நீக்கின தகட்டை முழுக்கத் திறந்து வைத்தேன். புகை நீலமாக வந்தது. கைப்பழக்கம் போகவில்லை, பார். நானும் அவளும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தோம். முதல் விள்ளலை வாயில் போட்டேன். கலை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். உப்பு கம்மியா அத்தே என்றாள். அவள் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவளைக் கேட்டேன். உப்பு கம்மியாக இருந்தால் எனக்கு மூக்கு விடைக்குமாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் இடது கண் சுருங்குமாம். மீன் பழசாக இருந்தால் மென்றுகொண்டே நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுப்பேனாம். அம்மாதான் சொல்லிக் கொடுத்தது என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கினபோது கையில் இருந்ததைத் தட்டில் போட்டுவிட்டேன்.

உப்பு திரும்பவே இல்லையாம். புளிப்பும் இல்லையாம். கசப்பு மட்டும்தான் நெசம் அத்தே, அது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது என்றாள். அப்படியென்றால் அந்த மேல் தகடு. எலுமிச்சம்பழம் எடுத்துவர என்னைக் கீழே அனுப்பினது. கறுத்த துண்டைத் தட்டில் வாங்கினது. நான் வாரா வாரம் பாடுபட்டுப் புகையிலிருந்து கழித்துக்கட்டினது, உன் நாக்குக்குத் தெரிந்த அந்த ஒன்றையேதான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உனக்கென்று ஒரு மீனைத் தனியாகக் கருக்கிக் கொடுத்திருக்க மாட்டேனா? கலையிடம் கத்தினேன், நீ கேட்க வேண்டியதை எல்லாம் அவள் கேட்டாள். கத்தி முடித்ததும், நீயாவது ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். உனக்கும் தெரியும்தானே, ஏன் ஜாங்கிரியைத் தின்றுகொண்டு சும்மா நின்றாய்?

'அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு' என்றாள். நீ சொன்னதை உன் குரலிலேயே சொன்னாள்: 'அவ துன்றதப் பாத்துக்கினே துன்னா எனக்கு உள்ள எறங்குதுடி. இத அவகிட்ட சொன்னா அப்பால எனக்காவ மூஞ்சிய வெச்சுப்பா. அது வேலைக்காவாது.'

சரிதான். சொல்லியிருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன். ஆஹா ஓஹோ என்று நடித்திருப்பேன், உனக்கு ஒரு கவளமும் இறங்கியிருக்காது. லாரியின் டயரைப் பார்க்கிற மாதிரி என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாய், அத்தனை ஞாயிறும், அத்தனை வார நாளும். இதில் மட்டும் ஒருதரம்கூடத் தப்பவில்லையே, கள்ளி.

கலை கிளம்பின பிறகு மாடியில் ஒரு துண்டு மீனை வைத்து, கொட்டாங்குச்சியைப் போட்டு, மேல் தகட்டை நானே மூடிப் பார்த்தேன். நீ ருசித்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை. வாயில் போட்டேன். கசந்தது, அவ்வளவுதான். கண்ணை மூடி, நிதானமாக மென்று, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது விள்ளலை விழுங்க முடியாமல் துப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்.

என் கேள்வி இதுதான். என் மூக்கு விடைத்தபோது, என் கண் சுருங்கினபோது, உன் நாக்கில் ஏதாவது எழுந்ததா? பழைய உப்பு, பழைய புளிப்பு, வியாசர்பாடியில் நாம் திருடித் தின்ற மாங்காயின் ஞாபகமாவது வந்ததா? இல்லை, எடை சொல்கிற மாதிரி வெறும் கணிப்புதானா? கலைக்குத் தெரியவில்லை. வேறு யாரைக் கேட்பது? உன்னைப் போல நானும் இப்போது பதில் கிடைக்காத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். நீ எப்படி இதோடு சோறு தின்றாய், தூங்கினாய் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று மிச்ச மீனை உதிர்த்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தேன். முதல் கவளம் வாய்க்குள் போனதும் மூக்கு விடைத்தது. இத்தனை வயதுக்கு இன்றைக்குத்தான் அது எனக்கே தெரிகிறது. மெல்லுவதை நிறுத்திவிட்டு எதிரே பார்த்தேன். நீ உட்காருகிற இடத்தில் தரைதான் இருந்தது. யாராவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் நானே எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்தேன்.